ஜெயில்ல இருந்து வந்தவன் ஹீரோ: ராபர்ட் கிரைஸோட "தி டூ மினிட் ரூல்" படிச்சவங்க வாங்க

கடைசிபக்கம்
ரொம்ப நாளா ஷெல்ஃப்ல கெடந்த புக், ஒருவழியா எடுத்து முடிச்சாச்சு. 2006ல வந்தது. கிரைஸோட வழக்கமான துப்பறியும் ஜோடி எல்விஸ் கோல், ஜோ பைக் ரெண்டு பேரும் இதுல கெடையாது, தனி நாவல், அதனால முன்னாடி எதையும் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல.

படிக்காதவங்களுக்கு கதை: மேக்ஸ் ஹோல்மன்னு ஒரு பேங்க் கொள்ளைக்காரன், பத்து வருஷம் ஃபெடரல் (மத்திய அரசு) ஜெயில்ல இருந்துட்டு லாஸ் ஏஞ்சல்ஸ்ல வெளிய வர்றான். வர்ற அன்னிக்கே அவன் மகன் ரிச்சியை சுட்டுக் கொன்னுட்டாங்கன்னு சேதி வருது. மகன் யாருன்னா எல்ஏ போலீஸ்காரன்! அவனோட சேர்த்து இன்னும் மூணு போலீஸ்காரங்க, ராத்திரி நேரத்துல எல்ஏ ஆத்துக்குள்ள பாலத்துக்கு அடியில. டிபார்ட்மெண்ட் ஒரு கேங் ஆளு மேல பழியைப் போட்டு ஃபைலை மூடப் பாக்குது, இவனுக்கு அது ஒத்து வரல, உதவிக்கு யாரும் இல்லாம கடைசில தன்னைப் புடிச்சு உள்ள போட்ட எஃப்பிஐ ஏஜெண்ட் பொண்ணுக்கே ஃபோன் போடுறான். கேத்ரின் பொல்லார்ட். அந்தம்மா இப்ப வேலையில இல்ல, புருஷன் இறந்துட்டான், ரெண்டு பசங்க.

எனக்கு பிடிச்சுது. ஆனா ரிவ்யூ படிச்சா பாதி பேரு "சுமார்"னு போட்டிருக்காங்க. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்துச்சு? கொலைகாரன் யாருன்னு மட்டும் உடைச்சிடாதீங்க, புண்ணியமாப் போகும்.

அவசரக்குடுக்கை
நான் அந்த சுமார் கட்சி தான் ப்ரோ. ஆரம்பம் செம, ரெண்டு கொள்ளைக்காரங்க பேங்குக்குள்ள நேரம் கெட்டு நின்னு வெளிய போலீஸ் தோட்டாவுக்கு போற சீன், அதைப் படிச்சுட்டு ஆகா இன்னிக்கு தூக்கம் இல்லைன்னு உக்காந்தேன். அப்பறம் பாத்தா ஹீரோ பஸ்ஸுக்கு அலையறான், மோட்டல்ல தங்கறான், வேலைக்கு போறான், ஜெயில்ல இருந்து வந்தவனைக் கண்காணிக்கற ப்ரொபேஷன் ஆபீசருக்கு பதில் சொல்றான். ஜெயில்ல பத்து வருஷம் இருந்தவன்னு சொன்னா ஒரு கெத்து வேணாமா? யாரையும் ஒழுங்கா அடிக்கக்கூட மாட்டேங்கறான், துப்பாக்கியும் எடுக்க மாட்டேங்கறான். பாதில மூடி வெச்சுட்டு வேற புக் படிச்சுட்டு தான் திரும்ப வந்தேன். கடைசி நூறு பக்கம் நல்லா ஓடுச்சு, அதை மறுக்கல.

மழைநாள்வாசகி
நீங்க குறைன்னு சொன்னது தான் எனக்கு புக்கே. ஜெயில்ல இருந்து வர்ற ஹீரோன்னா வெயிட் தூக்கி உடம்பை ஏத்தி, கத்தி சண்டை கத்துக்கிட்டு, எவனையும் முறைச்சு பாத்தே பயமுறுத்தற ஆளா எழுதறது ஒரு பழக்கமாப் போச்சு. இவன் அப்படி இல்ல. வெளிய வந்ததும் சாதாரண ஆளுங்க முன்னாடி எப்படி நிக்கணும் எப்படி பேசணும்னே தெரியாம தடுமாறுறான். போலீஸ் ஆபீசுக்குள்ள மகனைப் பத்தி கேக்கப் போறப்ப அவன் ஒடம்பு சுருங்கறதை எழுதியிருக்கார் பாருங்க, அங்க இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் இவன் யாருன்னு தெரியும், இவனுக்கும் அது தெரியும். அடிதடியை விட அது தான் எனக்கு பதட்டமா இருந்துச்சு.

இன்னொன்னு. பேங்குக்குள்ள ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்காதேங்கறது தான் கொள்ளைக்காரங்க விதி, தலைப்பே அது தான். முதல் அத்தியாயத்து ஆளுங்க பேராசையில விதியை மீறி சாவறாங்க. ஹோல்மன் எப்படி மாட்டினான்? கொள்ளையடிக்கறப்ப பேங்குல இருந்த ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி, இவன் ஓடிப் போகாம திரும்பி வந்து நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கப் பாத்துட்டே உக்காந்துட்டான், போலீஸ் வந்து அள்ளிட்டுப் போச்சு. அவனும் அதே விதியைத்தான் மீறினான், ஆனா இரக்கத்துல. இதை எங்கயும் விளக்காம பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு போயிட்டார், அதுக்கே மார்க் போடலாம்.

அவசரக்குடுக்கை
அந்த நெஞ்சுவலி மேட்டர் தான் எனக்கு டவுட்டே. ஹீரோ கொள்ளைக்காரனா இருக்கணும் ஆனா வாசகனுக்கு பிடிக்கவும் செய்யணும், அதுக்காக ஒட்டவெச்ச மாதிரி இருக்கு. "பாருங்க திருடன் தான் ஆனா தங்கமான மனசு". பத்திரிகைக்காரங்க அவனுக்கு ஹீரோ பேண்டிட்னு பட்டப்பேரு வேற வெச்சுட்டாங்களாம். ஓவர் இல்ல?

நூலகப்புழு
பட்டப்பேரு வெக்கறது மட்டும் ஓவர் இல்லைங்க. எல்ஏல அது எஃப்பிஐயோட நெஜமான வழக்கம், தொடர்ச்சியா கொள்ளையடிக்கற ஒவ்வொருத்தனுக்கும் அவன் போடற தொப்பி, முகமூடி, நடை எதையாவது வெச்சு ஒரு பேரு கொடுத்து பத்திரிகைக்கும் சொல்லிடுவாங்க, ஏன்னா பேரு மனசுல நின்னா ஜனங்க தகவல் கொடுப்பாங்க. அந்த ஊரு ஒரு காலத்துல பேங்க் கொள்ளைக்கே தலைநகரம். 1992ல மட்டும் எல்ஏ எஃப்பிஐ ஆபீஸ் பாக்கற ஏழு கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) 2,641 பேங்க் கொள்ளை. எங்க பாத்தாலும் பேங்க் கிளை, பக்கத்துலயே ஃப்ரீவே ஏற வழி, ஏறிட்டா ரெண்டு நிமிஷத்துல வேற ஏரியா. அதனால கதைக்களம் சும்மா எடுத்த எடம் இல்ல.

முதல் அத்தியாயம் படிக்கறப்ப எனக்கு நார்த் ஹாலிவுட் சம்பவம் ஞாபகம் வந்துடுச்சு. 1997 பிப்ரவரி 28. ரெண்டு பேரு உடம்பு பூரா கவசம் மாட்டிட்டு ஆட்டோமேட்டிக் துப்பாக்கியோட பேங்குல இருந்து வெளிய வந்தா போலீஸ் காத்துட்டு இருக்கு. கிட்டத்தட்ட 44 நிமிஷம் சண்டை. போலீஸ்காரங்க கைத்துப்பாக்கித் தோட்டா கவசத்துல ஏறல, பக்கத்து துப்பாக்கிக் கடையில போயி ரைஃபிள் வாங்கிட்டு வந்தாங்க. கடைசில செத்தது அந்த ரெண்டு பேரு மட்டும் தான், காயம் நெறைய பேருக்கு. நாவலோட முதல் அத்தியாயத்துல வர்ற மார்ச்செங்கோ, பார்சன்ஸ் ஜோடிக்கு அந்த வாடை இருக்கு. கதை வேற, அதையும் சொல்லிடறேன்.

பேப்பர்பேக்
சரி, அந்த ஜோடி அடிச்சு ஒளிச்சு வெச்ச பணம் 1.6 கோடி டாலர்னு வருதே, அதை யாராவது கணக்கு போட்டு பாத்தீங்களா? டாலர் நோட்டு எந்த மதிப்பா இருந்தாலும் எடை சுமாரா ஒரு கிராம். எல்லாமே நூறு டாலர் நோட்டா இருந்தா 1,60,000 நோட்டு, 160 கிலோ. பேங்க்ல கெடைக்கறது பெரும்பாலும் இருபதுன்னு வெச்சுக்கிட்டா 800 கிலோ! இதை ரெண்டு பேரு யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்சாங்களாம். அப்பறம் கவுண்டர்ல சீட்டு நீட்டி கொள்ளையடிக்கறவனுக்கெல்லாம் சில ஆயிரம் டாலர் தான் தேறும். பெட்டக அறை வரைக்கும் போனாத்தான் பெரிய தொகை, அதுக்கு ரெண்டு நிமிஷம் பத்தாது.

நூலகப்புழு
நீங்க சொன்னது சரி, நார்த் ஹாலிவுட் ஜோடிக்கே அன்னிக்கு கைக்கு வந்தது மூணு லட்சம் டாலர் சுத்துவட்டாரம் தான். 1.6 கோடிங்கறது நாவல் தொகை. ஆனா அவ்வளவு பெருசா இருந்தாத்தானே அதுக்காக போலீஸ்காரனே விலை போவான்னு நம்பலாம்? ரெண்டு லட்சத்துக்கு இத்தனை கொலை விழுந்தா அப்பவும் நாம தான் திட்டுவோம்.

கறுப்புக்கோட்டு
வணக்கம், வழக்கமா படிச்சுட்டு போற ஆளு, இது நம்ம ஏரியாங்கறதால எழுதறேன், நீளமா போகும் பொறுத்துக்கங்க.

அவசரக்குடுக்கை சார் "ஏன் அடிக்க மாட்டேங்கறான், ஏன் துப்பாக்கி எடுக்க மாட்டேங்கறான்"னு கேக்கறார். அவன் எடுக்க முடியாது சார். அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல ஒரு வருஷத்துக்கு மேல தண்டனை வரக்கூடிய குத்தத்துல தண்டிக்கப்பட்டவன் துப்பாக்கியை கையில வெச்சிருந்தாலே தனி குத்தம், சுடணும்னு கூட இல்ல. அந்தக் காலத்துல அதுக்கு பத்து வருஷம் வரைக்கும் போகும், 2022ல 15 ஆக்கிட்டாங்க. அப்பறம் ஃபெடரல் கேஸ்ல பாதி தண்டனையில பரோல்ல வர்ற கதையே இல்ல. 1984ல ஒரு சட்டம் போட்டு, 1987 நவம்பருக்கு அப்பறம் நடந்த குத்தங்களுக்கு பரோலை எடுத்துட்டாங்க. நல்ல நடத்தைக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 54 நாள் கழிப்பாங்க, மீதியை உள்ள இருந்து தான் ஆகணும். கடைசி சில மாசம் ஹாஃப்வே ஹவுஸ்ல (ஜெயிலுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவுல தங்கற விடுதி) விடுவாங்க, வேலை தேடணும், சொன்ன நேரத்துக்கு திரும்பணும். அதுக்கப்பறம் சில வருஷம் கண்காணிப்பு. வெளிய வந்து 72 மணி நேரத்துக்குள்ள ப்ரொபேஷன் ஆபீசர் முன்னாடி நிக்கணும், அனுமதி இல்லாம அந்த மாவட்ட கோர்ட் எல்லையைத் தாண்டக் கூடாது, வேலை மாறினா வீடு மாறினா சொல்லணும், போதை டெஸ்ட்டுக்கு கூப்பிட்டா போகணும். தண்டனை வாங்கினவன்னு தெரிஞ்ச ஆளோட அனுமதி இல்லாம பேசறதே தப்பு.

இப்ப கதையைப் பாருங்க. ஹோல்மன் வெளிய வந்ததும் உதவிக்குன்னு தேடிப் போறது பழைய கூட்டாளி சீ கிட்ட. அவனும் உள்ள இருந்துட்டு வந்தவன். அந்த சந்திப்பு ஒண்ணு போதும் இவனைத் திரும்ப ஜட்ஜ் முன்னாடி நிறுத்த. போலீஸ் விசாரணையில மூக்கை நுழைக்கறது, சாட்சிகளைத் தேடிப் போறது எல்லாமே அப்படித்தான். ஒரு பிரைவேட் டிடெக்டிவ் செஞ்சா அது சாதாரண சீன், இவன் செஞ்சா ஒவ்வொரு காலிங் பெல்லுக்கும் ஜெயில் இருக்கு. போலீஸ்காரங்க இவனை மெரட்டறதுக்கு கன்னத்துல அறைய வேணாம், ஆபீசருக்கு ஒரு ஃபோன் போட்டா போதும். அந்த பஸ், மோட்டல், வேலை சீனெல்லாம் உங்களுக்கு இழுவையாத் தெரியுது, எனக்கு அங்க தான் பிபி ஏறுச்சு.

அவசரக்குடுக்கை
கறுப்புக்கோட்டு சார், இந்த விவரமெல்லாம் தெரிஞ்சா வேற மாதிரி தான் தெரியுது. ஆனா என் கேள்வி, அதை புக்கே எனக்கு உணர்த்தியிருக்கணுமா இல்லையா? சட்டம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து விளக்கினாத்தான் பதட்டம் வரும்னா எழுதினவர் கோட்டை விட்டுட்டார்னு தானே அர்த்தம்?

கடைசிபக்கம்
அமெரிக்க வாசகனுக்கு எழுதினது ப்ரோ, அவனுக்கு ப்ரொபேஷன்னு ஒரு வார்த்தை சொன்னா மீதி தெரியும். நமக்குத்தான் கொஞ்சம் தூரம்.

பேப்பர்பேக்
இருந்தாலும் அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. ரெண்டு மூணு தடவை "மாட்டினா திரும்ப உள்ள"ன்னு சொல்றாங்களே தவிர கதை நடக்கற வேகத்துல அந்த பயம் போகப் போக கரைஞ்சுடுது. பின்பாதில அவன் வேலைக்கு போறானா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்ல.

இரவுரயில்
எல்லாரும் சட்டம், பணம், துப்பாக்கின்னு போறீங்க, மகனை விட்டுட்டீங்க. எனக்கு இது கொலைகாரன் யாருங்கற கதையாவே படல. ஹோல்மன் மகனை வளர்க்கல. கொள்ளையும் ஜெயிலுமா இவன் போயிட்டான், வளர்த்தது அம்மா டோனா, அவளும் இப்ப இல்ல. பையன் போலீஸ் ஆனது அப்பன் மாதிரி ஆகக் கூடாதுன்னு தானோ என்னமோ. இப்ப அந்தப் பையன் செத்துட்டான், விசாரிக்க விசாரிக்க அந்த நாலு போலீஸ்காரங்களும் அந்த நேரத்துல ஆத்துக்குள்ள என்ன பண்ணாங்கங்கற கேள்வி வருது, காணாமப் போன பணத்தைத் தேடினாங்களா, மகனும் அதுல கூட்டா? போலீஸ் அதையும் சாடையா சொல்லுது. அங்க இருந்து இவனோட பயம் மாறிடுது. கொன்னவனைக் கண்டுபிடிக்கணும்ங்கறதை விட, என் பையன் என்னை மாதிரி இருந்துடக் கூடாதுங்கறது தான் அவனை ஓட வெக்குது. தான் முகம் குடுத்து வளர்க்காத பையனுக்கு செத்தப்பறம் நல்ல பேரு வாங்கிக் குடுக்க அலையறான், அதுவும் தன்னோட பேரு எவ்வளவு கெட்டதுன்னு தெரிஞ்சுக்கிட்டே. மருமகள் முன்னாடி போயி நிக்கற எடத்துல நான் புக்கை கொஞ்ச நேரம் மூடி வெச்சுட்டேன். முதல் தடவை பாக்கறாங்க, அதுவும் இந்த நிலைமையில, பேச ஒண்ணுமே இல்ல ரெண்டு பேருக்கும்.

எவ்வளவு த்ரில்லர்ல "என் பொண்டாட்டியை கொன்னுட்டான் என் புள்ளைய கொன்னுட்டான்"னு ஹீரோ கெளம்பறான், அந்த செத்தவங்க முதல் பத்து பக்கத்தோட முடிஞ்சுடுவாங்க, அப்பறம் துப்பாக்கி சத்தம் தான். இதுல செத்தவன் கடைசி வரைக்கும் கதையில இருக்கான்.

மழைநாள்வாசகி
அருமையா சொன்னீங்க. இதே மாதிரி தான் எஸ்.ஏ. காஸ்பியோட "ரேஸர்பிளேட் டியர்ஸ்", 2021ல வந்தது, அங்க ரெண்டு அப்பாக்கள், ரெண்டு பேருமே ஜெயில் போயிட்டு வந்தவங்க, ஒருத்தர் கறுப்பர் ஒருத்தர் வெள்ளைக்காரர். மகன்கள் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஜோடி, அதை இந்த அப்பாக்கள் உயிரோட இருந்தப்ப ஏத்துக்கவே இல்ல, கொலையான பிறகு பழி வாங்க கெளம்பறாங்க. அதுல கோபம் தான் எரிபொருள், ரத்தம் பக்கத்துக்கு பக்கம். அவசரக்குடுக்கை தம்பிக்கு அது தான் சரிப்படும். கிரைஸ் புக்ல குற்ற உணர்ச்சி தான் ஓட்டுது, சத்தம் கம்மி. ஜெயிலுக்கு போன அப்பன்ங்கற ஒரே விஷயத்தை ரெண்டு பேரும் எவ்வளவு வேற மாதிரி எழுதியிருக்காங்கன்னு பாக்கவாவது ரெண்டையும் படிக்கலாம்.

அவசரக்குடுக்கை
அக்கா அது ஏற்கனவே படிச்சாச்சு, வேற லெவல். அதைப் படிச்சுட்டு இதுக்கு வந்ததால தான் இது பச்சத் தண்ணி மாதிரி இருந்துச்சு போல.

சும்மாவந்தவள்
பொல்லார்டைப் பத்தி யாருமே பேசலையே? எனக்கு ஹோல்மனை விட அவ தான். எஃப்பிஐல பேங்க் கொள்ளை பிரிவுல கெட்டிக்காரியா இருந்தவ, கல்யாணம் குழந்தைன்னு வேலையை விட்டுட்டு இப்ப பில் கட்ட வழி இல்லாம வீட்டுக்குள்ள உக்காந்திருக்கா. திரும்ப வேலைக்கு சேரலாமான்னு யோசிக்கற நேரத்துல ஒரு பழைய கொள்ளைக்காரன் ஃபோன். இவனோட சுத்தினா அந்த வேலைக்கான கதவும் சாத்திடும்னு அவளுக்கு தெரியும். அப்படியிருந்தும் பழைய ஆபீசுக்குள்ள போயி ஃபைல் கேக்கறப்ப அவளுக்குள்ள ஒண்ணு நிமிருது பாருங்க, ஹோல்மனுக்காக மட்டும் இல்ல, மூளை திரும்ப வேலை செய்யுதுங்கற சந்தோஷம் அது. பசங்களை அம்மா கிட்ட விட்டுட்டு கெளம்பறதுக்குள்ள நடக்கற பேச்சுவார்த்தை கூட நெசமா இருக்கு.

ரெண்டு பேருக்கும் நடுவுல லேசா ஒரு ஈர்ப்பு வருதே, அது தேவையா இல்லையான்னு தான் தெரியல.

கறுப்புக்கோட்டு
தேவையில்லைங்க. புடிச்சவளும் பிடிபட்டவனும் ஒருத்தரை ஒருத்தர் மதிக்கறாங்கங்கறதே போதுமான அளவுக்கு அபூர்வம். அதுல காதல் வாசம் வந்ததும் அந்த மரியாதை கொஞ்சம் மலிஞ்சுடுது.

இரவுரயில்
எனக்கு உறுத்தல. ரெண்டும் தனியா கெடக்கற ஜீவன். கட்டிப்பிடிச்சு டூயட் பாடலையே, ஓரமா வெச்சிருக்கார்.

பேப்பர்பேக்
நடை பத்தி: சின்னச் சின்ன வாக்கியம், அத்தியாயமும் சின்னது, ஒவ்வொண்ணும் சரியான எடத்துல வெட்டு. இந்த ஆளு நாவலுக்கு வர்றதுக்கு முன்னாடி டிவில போலீஸ் சீரியலுக்கு எழுதினவர், "ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்"ல எல்லாம் இருந்திருக்கார், அந்தப் பயிற்சி தெரியுது. வசனத்துலயே ஆளு யாருன்னு புரிஞ்சுடும். ஆனா போலீஸ் பெயர்கள் வரிசையா வர்ற எடத்துல எனக்கு ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் வித்தியாசம் தெரியல, முன்னாடி பக்கத்தைப் புரட்டிட்டே இருந்தேன்.

நூலகப்புழு
அந்த ஆத்தைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இல்லாட்டி தூக்கம் வராது. எல்ஏ ஆறுன்னதும் தண்ணி ஓடற ஆறுன்னு நெனச்சு அங்க எப்படி நாலு போலீஸ்காரங்க கார்ல போயி நின்னாங்கன்னு கொழம்ப வேணாம். 1938 வெள்ளத்துக்கு அப்பறம் ராணுவ இஞ்சினியர் பிரிவு அதோட பெரும்பகுதிக்கு கான்கிரீட் போட்டு பெரிய வாய்க்கால் ஆக்கிடுச்சு. மழை இல்லாத காலத்துல நடுவுல மட்டும் ஒரு கோடு மாதிரி தண்ணி போகும், ரெண்டு பக்கமும் காஞ்ச கான்கிரீட் தரை. மேல பாலத்துல ஊரே போகும், கீழ என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ஹோல்மன் கொலை நடந்த எடத்தைப் பாக்க கீழ எறங்கற அத்தியாயத்துல, யாரு எங்க நின்னிருப்பாங்க, வர்ற ஆளு எவ்வளவு தூரத்துல இருந்தே தெரிஞ்சிருப்பான்னு அவன் யோசிக்கறான் பாருங்க. மறைய எடமில்லாத வெட்டவெளியில நாலு போலீஸ்காரங்களை ஒருத்தன் எப்படி நெருங்க முடியும்? போலீஸ் கதையில ஓட்டை இருக்குன்னு அவனுக்கு அங்க தான் உறுதியாகுது. கொள்ளையடிக்கப் போறவன் ஒரு எடத்தை அளக்கற கண்ணு தான் அது, அதை விசாரணைக்கு பயன்படுத்தினது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

கடைசிபக்கம்
அது சூப்பர் பாயிண்ட். ஹீரோ ஏன் முன்னாள் திருடனா இருக்கணும்ங்கறதுக்கு அந்த மாதிரி எடங்கள் தான் பதில். இன்னும் நாலு எடத்துல அதைச் செஞ்சிருக்கலாம்னு தோணுச்சு.

சும்மாவந்தவள்
கிளைமாக்ஸை உடைக்காம ஒண்ணு கேக்கறேன். துரோகம் எங்க இருந்து வருதுன்னு யாராவது முன்னாடியே கண்டுபிடிச்சீங்களா?

அவசரக்குடுக்கை
பாதிலயே. ஆளுங்க கம்மி, கழிச்சுக் கட்டினா மிச்சம் இருக்கறது யாரு? இதுக்கு ஷெர்லாக் வேணாம்.

மழைநாள்வாசகி
எனக்கு சந்தேகம் வந்துச்சு, வேணாம் இவங்களா இருக்கக் கூடாதுன்னு நெனச்சுட்டே படிச்சேன். அந்த நெனப்பை உண்டாக்கினதே வெற்றி தானே?

கறுப்புக்கோட்டு
கடைசில அவன் எடுக்கற ரிஸ்க் சட்டப்படி பைத்தியக்காரத்தனம். கதைப்படி வேற எதையும் ஏத்துக்க முடியாது. அதுக்கு மேல சொன்னா உடைச்ச மாதிரி ஆயிடும்.

இரவுரயில்
தனி நாவல்ங்கறதும் அங்க உதவுது. சீரிஸ் ஹீரோன்னா அடுத்த புக் இருக்கு, சாக மாட்டான், ஜெயிலுக்கும் போக மாட்டான்னு நமக்கு தெரியும். ஹோல்மனுக்கு அந்த உத்தரவாதம் கெடையாது. கடைசி முப்பது பக்கத்துல நெஜமாவே இவனை முடிச்சுடுவாரோன்னு பயந்தேன்.

பேப்பர்பேக்
ஆனா கிரைஸ் தனி நாவல்னு எழுதிட்டு பின்னாடி ஆளுங்களை சீரிஸுக்கு இழுத்துக்கற பழக்கம் உள்ளவர். "டெமாலிஷன் ஏஞ்சல்" நாவலோட நாயகி கேரல் ஸ்டார்க்கி அப்பறம் எல்விஸ் கோல் கதையில வந்தா. 2013ல வந்த "சஸ்பெக்ட்"ல வர்ற போலீஸ் நாய் மேகியும் அடுத்து கோல் கூட சேர்ந்துடுச்சு.

சும்மாவந்தவள்
நாயா? அதுல நாய்க்கு ஒண்ணும் ஆகாதே? அதை மட்டும் சொல்லுங்க, அப்ப தான் வாங்குவேன்.

பேப்பர்பேக்
அடுத்த புக்லயும் வருதுன்னு சொல்லிட்டேனே மேடம், இதுக்கு மேல எப்படி சொல்றது.